அளத்தலும் அறமும்: கமத்தொழில்சார் வாயு உமிழ்வு மதிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

அளத்தல் அறத்தோடு தொடர்பற்ற ஒரு தொழில் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. களத்தில் நெல்லை அளப்பவன் உள்ளதை உள்ளவாறு எண்ணிச் சொல்கின்றான். அந்நெல்லை நிலச்சொந்தக்காரரும் வாரத்துக்குச் செய்பவரும் எவ்வாறு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது பிறிதொரு வினா. நீதியும் அநீதியும் அவ்விடத்திலேயே தோன்றுகின்றன என்பது இக்கருத்தின் சாரம். ஆயின் களத்தில் நின்றவர்கள் இதனை எளிதில் ஏற்கமாட்டார்கள். மரைக்காலை வாய்மட்டமாக வழித்து அளப்பதா, குவித்து அளப்பதா என்னும் வினா எழுந்த கணத்திலேயே பங்கீடு தொடங்கிவிடுகின்றது. அளக்கும் முறையைத் தெரிவு செய்பவன், தான் அறிந்தோ அறியாமலோ, ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுகின்றான்.

இப்பழைய வினா இன்று புதியதொரு களத்தில் எழுந்துள்ளது. வளிமண்டலத்தை வெப்பமடையச் செய்யும் பச்சைவீட்டு வாயுக்களில் கமத்தொழிலின் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு நாடும் மதிப்பிட்டு அறிவிக்க வேண்டியுள்ளது. 1992ஆம் ஆண்டின் காலநிலை மாற்றம் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் இக்கடப்பாட்டைத் தோற்றுவித்தது. நேரே அளக்கவியலாத ஒன்றை மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டின் பேரில் ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்துவது எந்நிலையில் நீதியாகும் என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் அளக்கப்படும் பொருளின் இயல்பை நோக்குதல் வேண்டும். நீர் நிறைந்து நிற்கும் வயலின் மண்ணுக்குள் ஒட்சிசன் புகுவது தடைப்படுகின்றது. அந்நிலையில் வாழவல்ல நுண்ணுயிர்கள் அங்குள்ள சேதனப் பொருள்களைச் சிதைக்கும்போது மெதேன் வாயு தோன்றுகின்றது; அதன் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகின்றது. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையிலும் இத்தகைய நிகழ்வே நடைபெறுகின்றது. மண்ணில் இடப்படும் நைதரசன் பசளையின் ஒரு சிறு கூறு நைதரசு ஒட்சைட்டாக மாறி வளியிற் கலக்கின்றது. இவை யாவும் உயிர்களின் செயல்கள். தொழிற்சாலையொன்றின் காபனீரொட்சைட்டு உமிழ்வை அது எரித்த நிலக்கரியின் கணக்கிலிருந்து ஓரளவு துல்லியமாக அறிந்துவிடலாம். வயலுக்கு அத்தகைய கொள்வனவுப் பற்றுச்சீட்டு எதுவுமில்லை. மண், வெப்பநிலை, நெல்லினம், இடப்பட்ட வைக்கோல், நீர் நின்ற நாள்கள் ஆகிய ஒவ்வொன்றும் மாறுந்தோறும் உமிழ்வும் மாறுகின்றது. ஒரே வயலின் இரு மூலைகள்கூட ஒன்றாயிருப்பதில்லை.

ஆகவே மதிப்பீட்டாளர் பெருக்கலை நாடுகின்றார். அரசாங்கங்களுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, சேதனப் பசளை இடப்படாது தொடர்ந்து நீர் நிற்கும் வயலின் ஒரு ஹெக்டேயர் நாளொன்றுக்கு 1.30 கிலோகிராம் மெதேனை உமிழ்வதாகக் கொள்ளப்படும். இதனைப் பரப்பாலும் பயிர் நிற்கும் நாள்களாலும் பெருக்கி, நீர் நிலைமைக்கேற்ற ஒரு காரணியாலும் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். ஆயின் அந்த 1.30 என்னும் எண் 0.80 முதல் 2.20 வரை மாறக்கூடியது என்பதையும் அதே நூல் கூறுகின்றது. அட்டவணையில் எஞ்சி நிற்பது முன்னைய எண் மட்டுமே. பின்னைய இரண்டும் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

இவ்வுதிர்தல் எத்துணைப் பாரதூரமானது என்பதைக் காட்ட வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1990ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகத்தின் மதிப்பீடொன்று, இந்திய நெல்வயல்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 37 மில்லியன் தொன் மெதேனை உமிழ்வதாகக் கூறிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளக்கப்பட்ட பெறுமானங்களை இந்திய வயல்களின் பரப்புக்கு விரித்ததன் மூலமே அவ்வெண் பெறப்பட்டது. 1991இல் புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சார்ந்த ஏ. பி. மித்ராவின் தலைமையில் இந்திய அறிவியலாளர் நாட்டின் பல்வேறு நெற்செய்கைப் பிரதேசங்களிலும் நேரடியாக அளவீடுகளை மேற்கொண்டனர். அவர்கள் கண்ட விடை ஏறத்தாழ 4 மில்லியன் தொன். அது 2 முதல் 6 வரை இருக்கலாம் என்றனர். முன்னைய எண் பின்னையதன் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது.

இவ்விரு எண்களையும் ஒரு ஹெக்டேயருக்குச் சுருக்கி நோக்கின் வேறுபாடு தெளிவாகும். இந்தியாவின் நெற்பரப்பை ஏறத்தாழ 42 மில்லியன் ஹெக்டேயர் எனக் கொண்டால், முதல் மதிப்பீடு ஒவ்வொரு ஹெக்டேயர் மீதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 880 கிலோகிராமைச் சுமத்துகின்றது. இரண்டாவது ஏறத்தாழ 95 கிலோகிராமையே சுமத்துகின்றது. முன்னர்க் குறிப்பிட்ட 1.30 என்னும் எண்ணின்படி 120 நாள் தொடர்ந்து நீர் நின்ற வயல்கூட 156 கிலோகிராமையே தரும். இந்திய வயல்களிற் கணிசமான பகுதியோ மழையை நம்பியவை. நீர் நின்றும் வற்றியும் செல்பவை. அவ்வயல்களை ஒரு முறையேனும் சென்று கண்டிருந்தாலே பிழை புலப்பட்டிருக்கும்.

இங்கு நிகழ்ந்தது யாது? பொய்யுரைத்தல் என்று அதனைக் கூறுதல் பொருந்தாது. மதிப்பீடு செய்தோர் தம் கைவசமிருந்த தரவுகளைக் கொண்டே கணித்தனர். எனினும் ஒரு தீங்கு விளையவிருந்தது. மதிப்பிட்டவர் ஓரிடத்தில் இருந்தார். மதிப்பிடப்பட்டவர் வேறோரிடத்தில் இருந்தார். பிழையின் விலை முன்னவரைச் சாராது பின்னவரையே சாரவிருந்தது. தன் பெயரில் எழுதப்பட்ட எண்ணைக் காணவோ மறுக்கவோ வழியற்ற ஒருவர்மீது அது எழுதப்பட்டது. ஒரு கூற்று வாய்மையுடையதா என்பது ஒரு வினா; அதனால் பாதிக்கப்படக்கூடியவர் அதனைச் சோதித்தறிய இடமுண்டா என்பது மற்றொரு வினா. அறிவியல் முதல் வினாவோடு அமைந்துவிடலாம். அறம் இரண்டாவதையும் கேட்கும்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். மதிப்பீடு என்பதே கிடைக்கும் தரவுகளுட் சிறந்ததைக் கொண்டு செய்யப்படுவது. அது பிழையெனின் பின்னர் திருத்தப்படும். இந்திய உதாரணத்தில் அத்திருத்தம் நிகழ்ந்தே விட்டதன்றோ என்பர். இத்தடையில் உண்மை உண்டு. ஆயின் அத்திருத்தம் எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை நோக்குதல் வேண்டும். இந்தியாவிடம் ஆய்வுகூடங்கள் இருந்தன. பயிற்சி பெற்ற அறிவியலாளர் இருந்தனர். அனைத்துலக அரங்கில் ஒலிக்கக்கூடிய குரல் இருந்தது. இவையெதுவுமில்லாத ஒரு சிறு நாட்டின்மீது அதே பிழை சுமத்தப்பட்டிருப்பின் அதனைத் திருத்துவார் யார்? குற்றஞ்சாட்டப்பட்டவரே தம் செலவில் தம் குற்றமின்மையை நிறுவ வேண்டும் என்னும் விதியை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. மதிப்பீட்டுலகில் அதுவே இயல்பான விதியாகிவிட்டது. வழிகாட்டி நெறிகள் மதிப்பீட்டு முறைகளை மூன்று படிகளாக வகுத்துள்ளன. சொந்த அளவீடுகளையுடைய நாடு மேற்படிகளுக்கு ஏறலாம். அவையற்ற நாடு பொதுக் காரணிகளைக் கொண்ட முதற்படியிலேயே நின்றுவிடும். அறிவு வறுமை இவ்வாறு ஒரு கடன் பத்திரமாக மாறுகின்றது.

திருத்தம் என்பதன் இன்னொரு முகமும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2006ஆம் ஆண்டின் நெறிகள் 2019இல் செம்மைப்படுத்தப்பட்டபோது, தென்னாசியாவின் தொடர்ந்து நீர் நிற்கும் வயலுக்குரிய எண் 1.30இலிருந்து 0.85 ஆகக் குறைந்தது. அதே வேளை சாதாரண மானாவாரி வயலுக்குரிய காரணி 0.28இலிருந்து 0.54 ஆக உயர்ந்தது. இவற்றைப் பெருக்கி நோக்கின், நீர்ப்பாசன வயலின் சுமை மூன்றில் ஒரு பங்கால் குறைய, மானாவாரி வயலின் சுமை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கால் கூடிவிட்டது. எந்த வயலிலும் எதுவும் மாறவில்லை. வன்னியில் மழையை எதிர்பார்த்துக் காலபோகத்துக்கு விதைக்கும் கமக்காரர் முன்போலவே விதைத்தார். மாறியது நமது அறிவு மட்டுமே. அறிவு வளர்வது நன்று. ஆயின் நேற்றைய எண்ணைக் கொண்டு ஒருவர்மீது தீர்ப்புக் கூறியவர், இன்றைய எண் வந்தபின் அத்தீர்ப்பை மீட்டுக்கொள்ளும் கடமையுடையவரல்லரோ?

அடுத்து, எண் சரியாக இருக்கும்போதும் அதனை எதனால் வகுப்பது என்னும் தெரிவில் மறைந்துள்ள அறவினாவைக் காண்போம். 2006ஆம் ஆண்டின் நெறிகளின்படி வட அமெரிக்கக் கறவைப் பசுவொன்று ஆண்டுக்கு 120 கிலோகிராமுக்கு மேற்பட்ட மெதேனை உமிழ்கின்றது. இந்திய உபகண்டத்தின் கறவைப் பசுவோ 58 கிலோகிராமையே உமிழ்கின்றது. தலைக் கணக்கில் நமது பசு பாதிச் சுமையையே தருகின்றது. ஆயின் முன்னையது ஆண்டுக்கு 8,400 கிலோகிராம் பாலும் பின்னையது 900 கிலோகிராம் பாலும் தருவனவாகக் கொள்ளப்பட்டுள்ளன. பாற் கணக்கில் வகுத்தால் முன்னையது கிலோவுக்கு ஏறத்தாழ 15 கிராம், பின்னையது ஏறத்தாழ 64 கிராம். ஒரே தரவு ஒரு கணக்கில் நம்மை விடுவிக்கின்றது. மறு கணக்கில் நான்கு மடங்கு குற்றவாளியாக்குகின்றது. எக்கணக்கு உண்மையானது? இரண்டும் உண்மையே. ஆயின் பாலால் மட்டும் வகுப்பவர், பசுவைப் பால் தரும் பொறியாக மட்டுமே காண்கின்றார். எரு, எரிபொருள், உழவு எருதை ஈனுதல், பஞ்ச காலத்தில் விற்றுப் பிழைப்பதற்கான முதல் எனச் சிறு கமக்காரரின் வாழ்வில் அப்பசு வகிக்கும் இடங்கள் அவ்வகுத்தலில் மறைந்துபோகின்றன. மறுபுறம், தலைக் கணக்கையே பற்றிநிற்பவர், போதிய தீனியின்றி மெலிந்த விலங்குகள் பலவற்றை வளர்ப்பதிலுள்ள வீணைக் காண மறுக்கின்றார்.

வாயுக்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறையிலும் இத்தகைய தெரிவே உள்ளது. 2021ஆம் ஆண்டின் அறிக்கையின்படி, வயலிலும் கால்நடையிலுமிருந்து வரும் ஒரு தொன் மெதேன், 100 ஆண்டுக் கணக்கில் 27 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகும். 20 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 தொன்னுக்குச் சமமாகும். மெதேன் ஏறத்தாழ 12 ஆண்டுகளே வளியில் நிலைப்பது. காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருப்பது. இதனாலேயே இவ்வேறுபாடு தோன்றுகின்றது. எத்தனை ஆண்டுகளைக் கணக்கிற் கொள்வது என்பதை எந்த ஆய்வுகூடமும் கண்டுபிடித்துக் கூறவியலாது. அது நம் காலத்தவருக்கும் வருங்காலத்தவருக்கும் எவ்வெவ்வளவு மதிப்பளிப்பது என்னும் அறத்தீர்மானம். மேலும், தலைமுறை தலைமுறையாக ஒரே அளவில் விதைக்கப்பட்டு வரும் வயலில் இன்று தோன்றும் மெதேன், முன்பு தோன்றி இன்று அழியும் மெதேனின் இடத்தையே பெரும்பாலும் நிரப்புகின்றது. புதிதாக எரிக்கப்படும் நிலக்கரியோ முன்னிருந்த சுமையின்மேல் சுமையை அடுக்குகின்றது. 27 என்னும் ஒற்றை எண் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது. ஆயினும் இதனைக் கூறி வயல் குற்றமற்றது என நிறுவிவிட முடியாது. விரைவில் அழியும் வாயுவாதலால் அதனைக் குறைப்பின் நற்பயனும் விரைவிலேயே கிட்டும் என்பதும் அதே உண்மையின் மறுபக்கமாகும்.

இனி, தேவைக்கும் மிகைக்குமிடையிலான வேறுபாட்டுக்கு வருவோம். உலக வளங்கள் பற்றி 1990இல் வெளிவந்த அறிக்கையொன்று இந்தியா, சீனா, பிரேசில் ஆகியவற்றை உமிழ்வு மிகுந்த நாடுகளின் முன்வரிசையில் வைத்தது. இதனை மறுத்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் புதுடில்லியிலிருந்து ஒரு நூலை வெளியிட்டனர். உயிர்வாழ்வதற்காக நெல் விளைவிப்பவரின் மெதேனையும் வசதிக்காகச் செலுத்தப்படும் மோட்டார் வண்டியின் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நீதியன்று என்பது அவர்களது வாதம். 1993இல் அமெரிக்க மெய்யியலாளரான ஹென்றி ஷூ, வாழ்வுத்தேவை உமிழ்வு, ஆடம்பர உமிழ்வு என்னும் பாகுபாட்டை மெய்யியல் நோக்கில் விரித்துரைத்தார். பசித்தவரின் சோற்றையும் உண்டு களைத்தவரின் கேளிக்கையையும் ஒன்றெனக் கொள்ளும் கணக்கு, எண்ணில் பிழையற்றதாயினும் மனிதரைப் பற்றிய அறிவில் பிழையுடையது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இப்பாகுபாட்டை எவ்விடத்தில் வைப்பது என்பதில் எச்சரிக்கை தேவை. தேவைக்காக எழுந்தது என்பதால் ஒரு தொன் மெதேன் அரைத் தொன்னாகிவிடாது. வளிமண்டலம் நோக்கத்தை விசாரிப்பதில்லை. இரக்கத்தின் பேரில் எண்ணைக் குறைத்து எழுதுபவர், பகையின் பேரில் அதனைக் கூட்டி எழுதுபவரைப் போலவே அளவையைக் கெடுக்கின்றார். தேவை என்பது சுமையைப் பகிரும்போது பேசவேண்டிய நியாயம், அளக்கும்போது அன்று. அது ஒரு கேடயமாகவும் மாறக்கூடும். 2030இற்குள் மெதேன் உமிழ்வை 30 சதவீதத்தால் குறைப்பதற்கான உலக உறுதிமொழி 2021இல் முன்வைக்கப்பட்டபோது இந்தியா அதில் இணையவில்லை. சிறு உழவரின் நெல்லும் கால்நடையும் முக்கிய நியாயமாகக் கூறப்பட்டன. அந்நியாயம் வலுவானதே. ஆயின் ஏழை உழவரின் பெயரால் பெறப்படும் சலுகை, அதே நாட்டின் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் நகரக் குப்பை மேட்டுக்கும் நிழலாக அமையுமாயின், அவ்வுழவர் இருமுறை பயன்படுத்தப்பட்டவராவார்.

உமிழ்பவர் யார் என்னும் வினாவும் தோன்றும் அளவுக்கு எளிதானதன்று. வயலை இடையிடையே வற்றவிட்டு நீர் பாய்ச்சினால் மெதேன் பெரிதும் குறையும் என்பது நிறுவப்பட்ட உண்மை. நைதரசு ஒட்சைட்டு சற்றுக் கூடக்கூடும் எனினும், பெரும்பாலும் மொத்தப் பயன் நன்மையே. ஆகவே அவ்வாறு செய்யாத கமக்காரரைக் குறைகூறுதல் எளிது. ஆயின் நமது குளத்துநீர்ப் பாசன வயல்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும். நீர் எப்போது திறக்கப்படும் என்பது சிறுபோகத் தொடக்கத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகின்றது. வாய்க்காலின் தலைப்பிலுள்ளவர் வயலை வற்றவிட்டு மீண்டும் நீர் பெறலாம். கடைக்கோடியிலுள்ளவர் நீர் வந்தபோது தேக்கிவைக்காவிடின், அடுத்த முறை அது தம் வயலை வந்தடையும் என்னும் உறுதி அவருக்கில்லை. அவரது தேங்கிய நீர் அவரது அறியாமையின் விளைவன்று; அவநம்பிக்கையின் விளைவு. அட்டவணையில் அது 'நெற்செய்கை' என்னும் ஒரு நிரலில் அடங்கிவிடும். செயலைச் செய்தவர்மீது பொறுப்பைச் சுமத்துமுன், அவர் வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா என்று கேட்பது அறநெறியின் தொடக்கப் பாடமாகும்.

நைதரசன் பசளையின் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். இடப்பட்ட நைதரசனில் 1 சதவீதம் மண்ணிலிருந்து நேரே நைதரசு ஒட்சைட்டாக மாறுவதாகப் பொதுக் காரணி கொள்கின்றது. நோபல் பரிசு பெற்ற இரசாயனவியலாளர் போல் குருட்சனும் பிறரும் 2008இல், சுற்றுவழிகளையும் சேர்த்து மொத்தத்தில் 3 முதல் 5 சதவீதம் வரை மாறுகின்றது எனக் கணித்தனர். காபனீரொட்சைட்டின் 273 மடங்கு வலிமையுடைய வாயுவாகையால் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆகவே பசளையைக் குறைக்க வேண்டும் என்னும் கருத்து நியாயமானதே. ஆயின் இலங்கை 2021இல் கண்டதை நாம் மறக்கலாகாது. அவ்வாண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மக்களின் உடல்நலமே அதற்குரிய முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது, உமிழ்வு மதிப்பீடன்று. நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021/22 காலபோக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. பொதுநன்மை எனக் கருதப்பட்ட ஒன்றின் முழுச் சுமையும், அத்தீர்மானத்தில் பங்குபெறாத ஒரு வகுப்பாரின் ஒரு போகத்தின்மீது இறங்கிற்று. நீர் நிறைந்த வயலில் மக்காத சேதனப் பொருளை மிகுதியாக இட்டால் மெதேன் கூடும் என்பதையும் நோக்கின், வயலை அறியாத தீர்மானம் ஒரு வாயுவைத் துரத்தி மற்றொன்றை அழைக்கவும் கூடும் என்பது விளங்கும்.

இவற்றால் மதிப்பீடே வேண்டாம் என்னும் முடிவுக்கு வருதல் பெரும் பிழையாகும். அளக்கப்படாத தீங்கை எவரும் குறைக்கப் போவதில்லை. பருவம் தவறிய மழையாலும் நீண்ட வரட்சியாலும் முதலில் துன்புறுபவரும் இதே கமக்காரரே. அவரைக் காப்பதற்காகவேனும் எண்ணவேண்டும். எண்ண மறுப்பது நடுவுநிலைமையன்று. அது தூரத்திலுள்ள வலியவருக்குச் செய்யும் உதவியாகவே முடியும்.

முடிவாக நோக்குமிடத்து, அளப்பவருக்குரிய கடமைகள் சிலவற்றை நாம் வரையறுக்கலாம். எண்ணோடு அதன் ஐயத்தின் எல்லையையும் சேர்த்தே அவர் வழங்குதல் வேண்டும். ஐயத்தை நீக்கி எண்ணை மட்டும் தருபவர் அரைகுறை உண்மையையே தருகின்றார். எதனால் வகுத்தார், எத்தனை ஆண்டுகளைக் கொண்டார் என்பனவற்றை அறிவியலின் முடிவாகவன்றித் தமது தெரிவாகவே அறிவித்தல் வேண்டும். பிழை நேரின் அதன் விலை யாரைச் சாரும் என்று முன்னரே வினவி, அது வலிமையற்றவரைச் சாருமாயின் வயலுக்குச் சென்று அளக்கும் செலவை வலிமையுடையவர் ஏற்குமாறு கோருதல் வேண்டும். அளக்கப்படுபவர் அந்த எண்ணைக் காணவும் மறுத்துரைக்கவும் இடமளித்தல் வேண்டும். இவற்றுள் இறுதியானதே மிக அரிதாக நிறைவேற்றப்படுகின்றது.

நாளை இந்நாட்டின் உமிழ்வுக் கணக்கை எழுதப்போகின்றவர்கள் இன்று விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கும் மாணவர்களே. அவர்கள் கையில் அட்டவணைகள் இருக்கும், காரணிகள் இருக்கும், கணிப்பொறிகள் நொடியில் விடை தரும். அவ்விடையில் ஒரு வயலின் கடைக்கோடியில் நிற்கும் ஒருவரும் அடங்கியிருப்பார். களத்தில் நெல் அளக்கப்படும்போது வாரத்துக்குச் செய்தவர் அருகில் நின்று மரைக்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். குவித்து அளந்தால் கேட்பார். இப்புதிய களத்தில் அவரால் வந்து நிற்க இயலாது. அவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வாறு அளப்போமோ, அவ்வாறே அவர் இல்லாதவிடத்தும் அளத்தல் நமது கடனாகும்.